செகண்ட் ஹேண்ட் காரில் கரண்ட் விட்டு விட்டுப் போனால் எங்கே தேடுவது

கேள்வி இதுதான்: பத்து வருடம் ஓடிய பெட்ரோல் ஹேட்ச்பேக், மூன்று மாதத்துக்கு முன் வாங்கியது. சில நாட்களில் சாவியைத் திருப்பினால் மீட்டர் போர்டில் ஒரு விளக்குகூட எரிவதில்லை. பானட்டைத் திறந்து மூடினாலோ, பத்து நிமிடம் விட்டுப் பிடித்தாலோ சாதாரணமாக ஸ்டார்ட் ஆகிவிடுகிறது. இரண்டு தடவை ஓடிக்கொண்டிருக்கும்போதே மொத்தமும் அணைந்து, சில நொடியில் திரும்ப வந்தது. பேட்டரி புதிது போட்டாயிற்று. ஆல்டர்னேட்டர் நன்றாக இருக்கிறது என்கிறார்கள். எலக்ட்ரீஷியனிடம் கொண்டுபோனால் அங்கே கோளாறு தலைகாட்டுவதே இல்லை. அடுத்து எதை மாற்றுவது?

இப்போதைக்கு எதையும் மாற்ற வேண்டாம். பாகம் செத்தால் அனேகமாகச் செத்ததுதான். செத்துச் செத்துப் பிழைப்பது இணைப்புகள். பேட்டரி டெர்மினல், எர்த் ஒயர், மெயின் ஃபியூஸின் போல்ட், இக்னிஷன் சுவிட்சுக்குள் தேய்ந்த செம்பு முனை, ரிலேக்குள் (சின்னக் கரண்டால் பெரிய கரண்டைப் போட்டு நிறுத்தும் பெட்டி) விரிசல் விட்ட சால்டர், முந்தைய ஓனர் பொருத்திய ஏதோ ஒன்றின் ஒயர் முறுக்கு: உங்கள் வண்டியின் கோளாறு பெரும்பாலும் இந்த வட்டத்துக்குள்தான் இருக்கும். கடையில் கண்டுபிடிக்க முடியாததற்குக் காரணமும் இதுவே. வண்டி ஒழுங்காக இருக்கும் நேரத்தில் மல்ட்டிமீட்டரை வைத்தால் எல்லா இடத்திலும் 12 வோல்ட் காட்டும்.

அதனால் வேலை இரண்டு வகை. கோளாறு வந்த நேரத்தில் கையை வைக்காமல் கவனிப்பது ஒன்று. வராத நேரத்தில் லோடு கொடுத்து அளப்பது மற்றொன்று.

அணைந்த நேரத்தில் எது எரிகிறது?

எல்லாரும் முதலில் செய்வது, இறங்கிப்போய் பேட்டரி ஒயரை ஆட்டிப் பார்ப்பது. வண்டி கிளம்பிவிடும், எந்த இடத்தில் விட்டிருந்தது என்பது தெரியாமலே போய்விடும். கதவை அறைந்து சாத்தினால்கூடச் சில லூஸ் கான்டாக்ட் சேர்ந்துவிடும். ஆகவே வண்டியைப் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தியதும் உட்கார்ந்த இடத்திலிருந்தே பாருங்கள்.

உள்ளே கூரை விளக்கு, ஹசார்டு விளக்கு, ஹாரன் ஆகியவை பெரும்பாலான சிறிய கார்களில் சாவி இல்லாமலும் வேலை செய்பவை. பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக நேராக வருகின்றன. புளோயர், வைப்பர், பவர் விண்டோ, மீட்டர் போர்டின் எச்சரிக்கை விளக்குகள் இக்னிஷன் சுவிட்ச் வழியாக வருபவை. உங்கள் வண்டியில் எது எந்தப் பக்கம் என்பதை நன்றாக இருக்கும் ஒரு நாளில் சாவியை எடுத்துவிட்டு ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிட வேலை, பின்னால் ஐந்து நாள் மிச்சமாகும்.

கூரை விளக்கும் ஹாரனும் சேர்ந்து செத்திருந்தால் கோளாறு பேட்டரி, அதன் இரண்டு டெர்மினல், மெயின் ஃபியூஸ், எர்த் ஆகிய நான்குக்குள். கூரை விளக்கு பளிச்சென்று எரிந்து, ஹாரனும் அடித்து, சாவிப் பக்கம் மட்டும் இருட்டாக இருந்தால் இக்னிஷன் சுவிட்ச், அதன் கனெக்டர், அதற்கு வரும் ஃபியூஸ். மீட்டர் போர்டு முழுக்க உயிரோடிருந்து இன்ஜின் மட்டும் நின்றிருந்தால் அது வேறு கதை: இன்ஜின் கம்ப்யூட்டருக்குக் கரண்ட் கொடுக்கும் மெயின் ரிலே, ஃபியூயல் பம்ப், இன்ஜின் சுற்றுவதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் கிராங்க் சென்சார் பக்கம் போக வேண்டும். சாவிப் படம் போட்ட விளக்கு கண்சிமிட்டி, ஸ்டார்ட் ஆன இரண்டு நொடியில் நின்றால் அது இம்மொபிலைசர், சாவியை அடையாளம் தெரியாவிட்டால் இன்ஜினை நிறுத்தும் திருட்டுத் தடுப்பு. கரண்ட் போவதோடு அதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

நான்காவது ஒரு நிலையும் உண்டு. கூரை விளக்கு எரிகிறது. சாவியைத் திருப்பிய கணம் அதுவும் சேர்ந்து அணைகிறது, அல்லது டக் டக் டக் என்று ரிலே அடிக்கிறது. பெரிய கரண்ட் கேட்டவுடன் கைவிடும் ஒரு இணைப்பு இருக்கிறது என்று அர்த்தம். டெர்மினலும் எர்த்தும்தான் முதல் சந்தேகம்.

ஓடும்போது இரண்டு நொடி போய் வந்ததற்கு நல்ல சாட்சி டேஷ்போர்டு கடிகாரம். கடிகாரமும் டிரிப் மீட்டரும் பூஜ்யத்துக்குப் போயிருந்தால் பேட்டரியிலிருந்து வரும் நேர் சப்ளையே அறுந்திருக்கிறது. அவை அப்படியே இருந்தால் சாவிப் பக்கம் மட்டும் போயிருக்கிறது. அடுத்த தடவை முதலில் அதைப் பாருங்கள். காரின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனர் வைத்திருப்பவர் கிடைத்தால் பி0560, பி0562 ஆகிய சிஸ்டம் வோல்டேஜ் பிழைக் கோடுகளும் (கோளாறு எண்கள்), இன்ஜின் கம்ப்யூட்டரோடு தொடர்பு அறுந்ததைச் சொல்லும் யு0100 கோடும் பதிவாகியிருக்கின்றனவா என்று கேளுங்கள். கோடே இல்லாமல், சுய பரிசோதனைகள் எல்லாம் ‘முடியவில்லை’ என்று காட்டினால், பல கார்களில் அதுவும் நேர் சப்ளை அறுந்ததற்கான தடயமே. யாரும் சமீபத்தில் பேட்டரியைக் கழற்றவோ கோடை அழிக்கவோ இல்லை என்பது மட்டும் நிச்சயமாகத் தெரிந்திருக்க வேண்டும்.

மல்ட்டிமீட்டர் ஏன் ஏமாற்றுகிறது

எர்த் கேபிளில் பெரும்பாலான இழைகள் பச்சை பூத்து உதிர்ந்து ஒன்றிரண்டு மட்டும் மிச்சம் இருந்தாலும், லோடு இல்லாமல் மீட்டர் வைத்தால் முழு 12.6 வோல்ட் காட்டும். மீட்டர் எடுத்துக்கொள்வது மைக்ரோ ஆம்பியர் கணக்கில்தான்; அதற்கு ஒரு இழை தாராளம்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு டெர்மினலில் 0.05 ஓம் தடை ஏறியிருக்கிறது. 5 வாட் கூரை விளக்கு இழுப்பது சுமார் 0.4 ஆம்பியர், அந்த இணைப்பில் நஷ்டம் 0.02 வோல்ட், கண்ணுக்கே தெரியாது. ஹெட்லைட் இரண்டும் சேர்ந்து 9 ஆம்பியர். நஷ்டம் அரை வோல்ட்டுக்குள். சின்னப் பெட்ரோல் இன்ஜினின் செல்ஃப் மோட்டார் 100 ஆம்பியருக்குக் குறையாமல் கேட்கும். நஷ்டம் 5 வோல்ட். அதே இணைப்புதான், விளக்குக்கு நல்லது, செல்ஃபுக்குச் செத்தது. ஓம் பட்டனில் வைத்து அளந்தாலும் பிரயோஜனமில்லை. சாதாரண மீட்டரின் ஒயர் தடையே 0.1, 0.2 ஓம் இருக்கும், 0.05 ஓமை அது எங்கே காட்டப்போகிறது?

ஆகவே அளக்க வேண்டியது வோல்டேஜ் டிராப்: கரண்ட் ஓடும்போது ஒரு இணைப்பின் இரண்டு பக்கத்துக்கும் நடுவே எவ்வளவு வோல்ட் தொலைகிறது என்பது. நல்ல இணைப்பில் கிட்டத்தட்ட பூஜ்யம் காட்ட வேண்டும்.

மீட்டரோடு இன்னொரு சாமானும் வேண்டும்: 12 வோல்ட் 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்று, ஹோல்டரோடு, மூன்று மீட்டர் ஒயரும் முனையில் குரோக்கடைல் கிளிப்பும் போட்டு. கடையில் விற்கும் எல்இடி டெஸ்டர் மீட்டரைப் போலவே பொய் சொல்லும். 21 வாட் பல்பு 1.75 ஆம்பியர் இழுக்கும். இழைகள் அறுந்த ஒயரில் அது மங்கும் அல்லது எரியவே எரியாது. ஒரு எச்சரிக்கை: இந்தப் பல்பை மஞ்சள் உறை போட்ட ஏர்பேக் ஒயரிலோ, இன்ஜின் கம்ப்யூட்டரின் சென்சார் ஒயர்களிலோ வைக்கவே கூடாது. மெயின் சப்ளை, ஃபியூஸ், எர்த் இவற்றுக்கு மட்டும்.

பேட்டரியும் டெர்மினலும்

பேட்டரி புதிது என்பதால் இந்த இடத்தைத் தாண்டிப் போகாதீர்கள். பேட்டரி மாற்றிய பிறகு வரும் லூஸ் கான்டாக்ட்தான் மிகச் சாதாரணம்.

காரணம் போஸ்ட்டின், அதாவது கிளாம்பு கவ்விப் பிடிக்கும் பேட்டரியின் ஈய முனையின், பருமன். ஜப்பானிய அளவில் வரும் சிறிய பேட்டரிகளில், நம்மூரில் 38பி20எல் என்ற எண்ணோடு அதிகம் விற்பவை, மெல்லிய போஸ்ட் கொண்டவை: பாசிட்டிவ் சுமார் 14.7 மில்லிமீட்டர், நெகட்டிவ் 13. மற்ற பேட்டரிகளின் தடித்த போஸ்ட் இதைவிட மூன்று மில்லிமீட்டர் வரை பெரியது. தடித்த போஸ்டுக்கான கிளாம்பை மெல்லிய போஸ்டில் மாட்டினால், போல்ட்டை எவ்வளவு முறுக்கினாலும் கிளாம்பின் இரண்டு காதும் முட்டிக்கொள்ளுமே தவிர போஸ்டைப் பிடிக்காது. தகரத் துண்டு, செம்புக் கம்பி, சில இடங்களில் ஆணி என்று எதையாவது செருகி அனுப்பிவிடுவார்கள். வண்டி ஒரு மாதம் ஓடும். பிறகு ஸ்பீடு பிரேக்கரில் ஏறி இறங்கும்போது கரண்ட் போகும்.

சோதனை சுலபம். போல்ட் இறுக்கியிருக்கும் நிலையிலேயே கிளாம்பைக் கையால் திருகுங்கள். ஒரு நூல்கூட அசையக்கூடாது. அசைந்தால் சரியான அளவு கிளாம்பு போட வேண்டும், அல்லது இதற்கென்றே விற்கும் ஈயக் குப்பி போன்ற அடாப்டரைப் போஸ்டில் மாட்டலாம். சுத்தியலால் தட்டி இறக்குவது வேண்டவே வேண்டாம். போஸ்டின் அடியில் உள் இணைப்பு விரிசல் விடும். அப்புறம் புதுப் பேட்டரியே லூஸ் கான்டாக்ட் ஆகிவிடும்.

அப்படி உள்ளே விரிசல் விட்ட பேட்டரியைக் கண்டுபிடிக்க: சும்மா இருக்கும்போது 12.5, 12.6 காட்டும், ஹெட்லைட்டைப் போட்டதும் மெல்ல இறங்காமல் ஒரேயடியாக 5, 6 வோல்ட்டுக்குச் சரியும், அணைத்தால் உடனே பழைய நிலைக்கு வரும். சார்ஜ் இறங்கிய பேட்டரி அப்படி நடந்துகொள்ளாது. அளக்கும்போது மீட்டர் முனை ஈயப் போஸ்டிலேயே இருக்கட்டும், கிளாம்பில் வேண்டாம். கிளாம்பில் வைத்து அளந்தால் பழி எதன் மேல் என்று பிரிக்க முடியாது.

ஆதாரத்துக்குச் சில எண்கள். ஓய்வில் சில மணி நேரம் நின்ற பேட்டரியில் 12.6க்கு மேல் என்றால் முழு சார்ஜ், 12.2 என்றால் பாதி, 11.8 என்றால் காலி. செல்ஃப் அடிக்கும்போது 9.6க்குக் கீழே போகக்கூடாது.

சுத்தம் செய்ய: முதலில் நெகட்டிவைக் கழற்றுங்கள், கடைசியில் நெகட்டிவை மாட்டுங்கள். பெரும்பாலும் 10 எம்எம் ஸ்பானர். ஒரு டம்ளர் வெந்நீரில் ஒரு ஸ்பூன் ஆப்பச் சோடா கரைத்து, வெள்ளையும் நீலப்பச்சையுமாகப் பூத்திருக்கும் இடத்தில் ஊற்றினால் பொங்கி அடங்கும். பேட்டரி மூடித் துளைக்குள் இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். துடைத்துக் காயவிட்டு, போஸ்டையும் கிளாம்பின் உள்பக்கத்தையும் 120ஆம் நம்பர் எமரித் தாளால் ஈயம் பளபளக்கும்வரை தேய்க்க வேண்டும். இறுக்கிய பிறகுதான் மேலே வாசலின். தடவிவிட்டு இறுக்குவது பலருக்குப் பழக்கம், அது தப்பு.

கிளாம்புக்குள் கேபிள் நுழையும் இடத்தையும் விரலால் அழுத்திப் பாருங்கள். ரப்பர் உறை உப்பியிருந்தாலோ, உள்ளே மணல் போல நொறுங்கினாலோ, செம்பு இழைகள் அரித்துப்போய்விட்டன. கேபிளையே மாற்ற வேண்டும். முனையை வெட்டிப் புது லக் (கேபிள் முனையில் மாட்டும் உலோக வளையம்) அடித்தால், அரிப்பு உறைக்குள் எவ்வளவு தூரம் ஏறியிருக்கிறது என்று தெரியாது. சிறிய பெட்ரோல் காருக்கு 16 முதல் 25 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிள், லக்கை ஹைட்ராலிக் கிரிம்பரால் அமுக்கி, மேலே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் (சூடு பட்டால் சுருங்கிப் பிடிக்கும் குழாய்). சுத்தியலால் தட்டி அமுக்கிய லக் ஆறு மாதத்தில் திரும்ப வரும்.

எர்த்

பேட்டரி நெகட்டிவிலிருந்து குறைந்தது இரண்டு இடத்துக்கு எர்த் போக வேண்டும்: ஒன்று பாடிக்கு, மற்றொன்று இன்ஜினுக்கோ கியர்பாக்ஸுக்கோ. இன்ஜின் ரப்பர் மவுண்டில் உட்கார்ந்திருப்பதால் அதற்குத் தனி எர்த் இல்லாமல் முடியாது. கிளட்ச் மாற்றும்போதோ கியர்பாக்ஸ் இறக்கும்போதோ இந்தப் பட்டை ஒயரைக் கழற்றிவிட்டுத் திரும்ப மாட்ட மறப்பது, அல்லது பெயிண்ட் அடித்த இடத்தில் மாட்டுவது, பழைய வண்டிகளில் நிறைய. எர்த் இல்லாத இன்ஜினில் செல்ஃபின் கரண்ட் ஆக்ஸிலரேட்டர் கேபிள், கியர் கேபிள் வழியாக வழி தேடிப் போகும். ஸ்டார்ட் செய்யும்போது அந்தக் கேபிள்கள் சூடேறினாலோ லேசாகப் புகைந்தாலோ வேறு சோதனையே வேண்டாம்.

அளக்கும் முறை: ஃபியூயல் பம்ப் ஃபியூஸைப் பிடுங்கிவிடுங்கள், இன்ஜின் ஸ்டார்ட் ஆகக்கூடாது. மீட்டர் டிசி 20 வோல்ட்டில். கறுப்பு முனை பேட்டரி நெகட்டிவ் போஸ்டில், சிவப்பு முனை இன்ஜினின் வெறும் உலோகத்தில். உதவிக்கு ஒருவர் ஐந்து நொடி செல்ஃப் அடிக்கட்டும். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. அரை வோல்ட் தாண்டினால் அந்த எர்த் கெட்டது. அடுத்து சிவப்பு முனையைப் பாடியில் பெயிண்ட் இல்லாத போல்டில் வைத்து, ஹெட்லைட், புளோயர், பின் கண்ணாடி ஹீட்டர் எல்லாவற்றையும் போட்டு அளக்க வேண்டும், இங்கே 0.1 தாண்டக்கூடாது. பாசிட்டிவ் பக்கமும் இதே முறைதான்: பாசிட்டிவ் போஸ்டுக்கும் செல்ஃப் மோட்டாரின் தடித்த ஸ்டட்டுக்கும் நடுவே, செல்ஃப் அடிக்கும்போது 0.5க்குள். போஸ்டுக்கும் அதன்மேலிருக்கும் கிளாம்புக்கும் நடுவே தனியாக அளந்தால் 0.1க்கு மேல் வரவே கூடாது.

இந்த நான்கு அளவையும் காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டால், எலக்ட்ரீஷியனிடம் ‘எங்கேயோ லூஸ்’ என்று சொல்வதற்குப் பதில் இடத்தையே காட்டலாம்.

மெயின் ஃபியூஸ், ஃபியூஸ் பாக்ஸ்

பேட்டரிப் பாசிட்டிவை ஒட்டியோ பானட்டுக்குள் இருக்கும் ஃபியூஸ் பாக்ஸிலோ 60, 80, 100 ஆம்பியர் எண் போட்ட பெரிய ஃபியூஸ் இருக்கும். பலவற்றைச் சும்மா இழுத்து எடுக்க முடியாது. கீழே போல்ட் போட்டிருப்பார்கள். அந்த போல்ட் தளர்ந்தால் சூடேறும், சூட்டில் பிளாஸ்டிக் இளகும், இன்னும் தளரும். பழுப்பேறிய பிளாஸ்டிக்கும் கருகிய வாடையும் இதன் அடையாளம். ஃபியூஸின் உலோகப் பாலத்தில் மயிரிழை விரிசல் விட்டிருந்தால் குளிரும்போது சேரும், சூடானால் பிரியும்; கண்ணாடி மூடி வழியாகப் பார்த்தால் தெரியாது. வண்டி செத்திருக்கும் நேரத்தில் 21 வாட் பல்பை ஃபியூஸுக்குக் கரண்ட் வரும் பக்கம் ஒரு முறை, போகும் பக்கம் ஒரு முறை வைத்தால் தெரிந்துவிடும்.

சின்ன ஃபியூஸ்களில் பார்க்க வேண்டியது ஃபியூஸை விட அது உட்காரும் பித்தளைப் பல்லைத்தான். யாராவது தடித்த கம்பியையோ டெஸ்டர் முனையையோ திணித்திருந்தால் பல் விரிந்து பிடிப்பு போயிருக்கும். ஃபியூஸை எடுத்துப் போடும்போது ஒரு இடத்தில் மட்டும் வெண்ணெயில் இறங்குவது போல இறங்கினால் அங்கே சந்தேகப்படுங்கள்.

ரிலேக்கும் ஒரு சொல். 1990களின் ஹோண்டா கார்களில் மெயின் ரிலேயின் உள் சால்டர் விரிசல் விடுவது உலகம் முழுக்க அறிந்த கோளாறு: வெயிலில் நிறுத்திய வண்டி ஸ்டார்ட் ஆகாது, கண்ணாடியை இறக்கிக் காற்றாட விட்டால் ஆகிவிடும். எந்தக் காரிலும் வெயிலுக்கும் கோளாறுக்கும் இப்படித் தொடர்பு தெரிந்தால், ஒரே பார்ட் நம்பர் உள்ள ஹாரன் ரிலேயையும் மெயின் ரிலேயையும் இடம் மாற்றிப் போட்டு ஓட்டிப் பாருங்கள். கோளாறு ஹாரனுக்குப் போய்விட்டால் விடை கிடைத்தது, செலவும் இல்லை.

இக்னிஷன் சுவிட்ச்

சாவி நுழையும் பூட்டும் மின் சுவிட்சும் வேறு வேறு. பூட்டின் பின்னால் திருகாணி போட்டு ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் துண்டுதான் சுவிட்ச். பல மாடல்களில் அதை மட்டும் தனியாக மாற்றலாம், சாவி மாற்ற வேண்டியதில்லை. கேட்காவிட்டால் முழு செட்டையும் தலையில் கட்டிவிடுவார்கள்.

ஓடும்போது கூரை விளக்கு போகாமல் மற்றதெல்லாம் போனால் இதுதான் முதல் குற்றவாளி. வண்டியை நிறுத்தி, இன்ஜினை ஓடவிட்டு, சாவியை ஆன் நிலையில் லேசாக மேலும் கீழும், முன்னும் பின்னும் அசையுங்கள். புளோயர் மூச்சு வாங்கினாலோ மீட்டர் முள் துள்ளினாலோ சுவிட்ச் போய்விட்டது. ஸ்டியரிங் கீழ் மூடியைக் கழற்றி, புளோயர் முழு வேகத்தில் பத்து நிமிடம் ஓடிய பிறகு கனெக்டரைத் தொட்டால் கை சுடக்கூடாது. உள்ளே வரும் ஒயருக்கும் வெளியே போகும் ஒயருக்கும் நடுவே 0.3 வோல்ட்டுக்கு மேல் தொலைந்தால் மாற்றிவிடலாம். ஸ்டியரிங்கில் ஏர்பேக் இருந்தால் கழற்றும் முன் பேட்டரி நெகட்டிவை எடுத்துவிட்டுச் சில நிமிடம் காத்திருக்க வேண்டும்.

சாவிக்கொத்தின் கனமும் சாதாரண விஷயமில்லை. 2014இல் ஜெனரல் மோட்டார்ஸ் சுமார் 26 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது இந்தச் சுவிட்சுக்காகத்தான். ஆன் நிலையில் சுவிட்ச் பிடிப்பாக நிற்கவில்லை. கனமான கொத்தின் இழுப்பிலோ முழங்கால் பட்டோ ஒரு படி பின்னால் நழுவியது. இன்ஜின் நின்றது, பவர் ஸ்டியரிங் போனது, மோதியபோது ஏர்பேக் விரியவில்லை. 124 மரணங்களுக்கு அந்த நிறுவனத்தின் இழப்பீட்டு நிதி பணம் கொடுத்தது. வீட்டுச் சாவி, பீரோ சாவி, பிள்ளையார் பொம்மை எல்லாம் கார் சாவியோடு தொங்கினால் இன்றே கழற்றிவிடுங்கள்.

முந்தைய ஓனர் விட்டுப்போன ஒயர்கள்

செகண்ட் ஹேண்ட் வண்டிக்கே உரிய தலைவலி இது. சென்ட்ரல் லாக், அலாரம், ரிவர்ஸ் கேமரா, ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ, ஃபாக் லேம்ப், இரட்டை ஹாரன், எல்பிஜி கிட், ஜிபிஎஸ். இவற்றில் எது எங்கிருந்து கரண்ட் எடுக்கிறது என்பது மாட்டியவருக்கு மட்டும்தான் தெரியும்.

அதிகம் கெடுப்பவை இன்ஜினை நிறுத்தும் ரிலே உள்ளவை. திருட்டுத் தடுப்பு அலாரமும், டாக்சியாகவோ ஃபைனான்ஸிலோ ஓடிய வண்டிகளில் மாட்டும் ஜிபிஎஸ்ஸும் இக்னிஷன் ஒயரையோ ஃபியூயல் பம்ப் ஒயரையோ வெட்டி நடுவே ஒரு ரிலேயை வைத்திருக்கும். மீட்டர் போர்டின் கீழே இன்சுலேஷன் டேப் சுற்றிய கறுப்புக் கட்டியாகத் தொங்கும். கருவி எப்போதோ செத்திருக்கும், ரிலே மட்டும் வேலை செய்துகொண்டிருக்கும். கம்பெனி ஒயரிங்கில் பெரும்பாலும் துணிநாடாவோ நெளிவுக் குழாயோ ஒழுங்காகச் சுற்றியிருக்கும்; பளபளக்கும் கறுப்பு டேப்பும், உறையைக் கிழித்துக் கடிக்கும் நீலம் அல்லது சிவப்பு பிளாஸ்டிக் கிளிப்பும் கண்ணில் பட்டால் அது பின்னால் சேர்த்ததாக இருக்க வாய்ப்பு அதிகம். ரிலேயைப் பிடுங்கி வெட்டிய இரண்டு முனையையும் சால்டர் செய்து ஹீட் ஷ்ரிங்க் போட்டுச் சேர்த்துவிடுங்கள். வெறுமனே முறுக்கி டேப் சுற்றினால் நம் ஊர் வெயிலில் பசை இளகி அடுத்த கோடையில் அவிழும்.

எல்பிஜி கிட் மாட்டிய வண்டியில் பெட்ரோலுக்கும் கேஸுக்கும் மாற்றும் சேஞ்ச்ஓவர் சுவிட்சுக்குக் கரண்ட் எடுத்த இடம், ஃபியூயல் பம்பை நிறுத்த வைத்த ரிலே இரண்டையும் தனியாகப் பாருங்கள். ஹெட்லைட்டில் 60/55 வாட்டுக்குப் பதில் 100/90 வாட் பல்பு ரிலே இல்லாமல் போட்டிருந்தால் சுவிட்சும் கனெக்டரும் உருகியிருக்கும். ஃபியூஸ் பாக்ஸில் 10 ஆம்பியர் இடத்தில் 30 உட்கார்ந்திருந்தால் அந்த வழியில் எதற்கோ யாரோ தோற்றிருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ஓட்டத்தில் பிடிக்க ஒரு பொறி

இவ்வளவும் பார்த்துப் பிடிபடவில்லையென்றால் மூன்று 12 வோல்ட் எல்இடி இண்டிகேட்டர் வாங்குங்கள், ரெசிஸ்டர் உள்ளேயே வருபவை. மூன்றின் நெகட்டிவும் பேட்டரி நெகட்டிவ் கிளாம்பின் போல்டில் சேரட்டும், பாடியில் வேண்டாம். பாசிட்டிவ் ஒன்று மெயின் ஃபியூஸுக்கு அடுத்த பக்கம், இரண்டாவது இக்னிஷன் சுவிட்ச் மூலம் வரும் ஒரு ஃபியூஸின் வெளிப்பக்கம், மூன்றாவது மெயின் ரிலே வெளியே தரும் ஒயர். ஒவ்வொன்றிலும் எடுத்த இடத்தை ஒட்டியே 1 ஆம்பியர் ஃபியூஸ். ஒயரை டேஷ்போர்டுக்குக் கொண்டுவந்து எண் ஒட்டிவிட்டு ஓட்டுங்கள். போன் வீடியோ ஓடிக்கொண்டிருந்தால் இன்னும் நல்லது. இரண்டு நொடிக் கோளாறைக் கண் பிடிக்காது.

வண்டி அணையும்போது மூன்றும் அணைந்தால் பேட்டரி, கிளாம்பு, மெயின் ஃபியூஸ். முதலாவது எரிந்து மற்ற இரண்டும் அணைந்தால் இக்னிஷன் சுவிட்ச் அல்லது அதன் சப்ளை ஃபியூஸ். முதல் இரண்டும் எரிய, மீட்டர் போர்டும் எரிய, மூன்றாவது மட்டும் போனால் மெயின் ரிலே வழி. முதல் இரண்டும் எரிகின்றன, ஆனால் ஹாரன், ஹெட்லைட், மீட்டர் போர்டு எதுவும் இல்லை என்றால் எர்த் கேபிள்; எல்இடிகள் பாடி எர்த்தை நம்பாமல் பேட்டரிக்கே போவதால்தான் அவை தப்பிக்கின்றன.

எப்போது போகிறது என்பதையும் குறித்து வையுங்கள். மழை நாளில் என்றால் கனெக்டருக்குள் நீர் அல்லது எர்த் அரிப்பு. அரை மணி ஓடிய பிறகு என்றால் ரிலே, ஃபியூஸ், சுவிட்ச். முதல் கியரில் இழுக்கும்போதோ ரிவர்ஸ் போடும்போதோ என்றால், இன்ஜின் மவுண்டில் சாய்வதால் இழுபடும் ஒயர்க் கட்டும் இன்ஜின் எர்த்தும்.

ஆல்டர்னேட்டர் பற்றிச் சுருக்கமாக: அது கெட்டால் பேட்டரி விளக்கு எரியும், ஹெட்லைட் மெல்ல மங்கும், கடைசியில்தான் நிற்கும், பளிச்சென்று போய்ப் பளிச்சென்று வராது. 2000 ஆர்பிஎம்மில் ஹெட்லைட்டும் புளோயரும் போட்டு 13.8 முதல் 14.5 வரை இருந்தால் விட்டுவிடலாம். சில புதிய கார்களில் கம்ப்யூட்டரே சார்ஜை ஏற்றி இறக்குவதால் எண் மாறும். இன்ஜின் ஓடும்போது பேட்டரி ஒயரைக் கழற்றி ஆல்டர்னேட்டரைச் சோதிக்கிறேன் என்று யாராவது வந்தால் தடுத்துவிடுங்கள். பேட்டரி இல்லாமல் வோல்டேஜ் ஒரு கணத்தில் பல மடங்கு எகிறி இன்ஜின் கம்ப்யூட்டரைத் தின்றுவிடும்.

எலி கடித்த ஒயரும் உண்டு. ஏர் ஃபில்டர் பெட்டிக்குள், பேட்டரித் தட்டின் அடியில் புழுக்கையோ பஞ்சோ இருந்தால் அதையொட்டிய ஒயர்க் கட்டை முழுக்கப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒயர் முழுதும் அறாமல் இரண்டு இழையில் தொங்கும். உறையில் ஊசி குத்திச் சோதித்த ஓட்டைகளும் பின்னாளில் இதே வேலையைச் செய்யும், ஈரம் அதன் வழியாக இறங்கிவிடும்.

எல்லாவற்றையும்விடக் கெட்ட செய்தி வெள்ளத்தில் நின்ற வண்டி. சென்னையில் 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும், அதே மாதம் தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கமும் ஏராளமான கார்கள் நீரில் நின்றன. கழுவித் துடைத்தால் வெளியே தெரியாது. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்து, சுருளுக்குள் இருந்த பகுதியில் சேற்றுக் கோடு இருக்கிறதா பாருங்கள். ஸ்டெப்னிக் குழி, முன் சீட்டின் கீழ் தண்டவாளம், கார்ப்பெட்டை உயர்த்தினால் தெரியும் கனெக்டர்கள். மஞ்சள் கனெக்டரைத் தவிர்த்து ஒன்றிரண்டைப் பிரித்துப் பாருங்கள். பின்கள் பச்சையாக இருந்தால் ஒரு இடத்தைச் சரிசெய்ய அடுத்த இடம் கிளம்பும். அப்படிப்பட்ட வண்டியில் உட்பக்க ஒயரிங் முழுவதையும் மாற்றும் விலையைக் கேட்டுவிட்டு, வைத்துக்கொள்வதா விற்பதா என்று முடிவு செய்யுங்கள். விற்றால் வாங்குபவரிடம் சொல்லிவிட்டு விற்க வேண்டும்.

சரியாகும்வரை நெடுஞ்சாலையும் இரவு ஓட்டமும் வேண்டாம். ஓடும்போது மறுபடி போனால் சாவியைப் பின்னால் முழுதாகத் திருப்பிவிடாதீர்கள். எடுத்துவிட்டால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். ஸ்டியரிங் கனக்கும், ஆனால் திரும்பும். பிரேக் மிதியை இலகுவாக்கும் வேக்குவம் இரண்டு மூன்று மிதிக்குத்தான் இருக்கும், அதனால் பம்ப் செய்யாமல் ஒரே அழுத்தாக அழுத்துங்கள். கியரை நியூட்ரலில் போட்டு இடதுபுறம் ஒதுங்கி, ஹேண்ட் பிரேக் போட்டு, வேறெதையும் தொடுமுன் கடிகாரத்தையும் கூரை விளக்கையும் பாருங்கள்.